ஜலக்கட்டுச் சாமியாரின் செல்போன்

ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகும் சாலையில் ஜலக்கட்டுச் சாமியாரின் வேன் வந்து நின்றது. "மோட்டார் பெட்டிக்குள் மழை இறங்காது! மந்திரக் கட்டு!" என்று ஒலிபெருக்கி அலறியது. அவ்வளவுதான்! பெட்டிக்கு ஒரு மூடி வாங்க நேரமில்லாத ஜனம், மந்திரம் வாங்க வெயிலில் வரிசை கட்டியது.

வரிசையில் காத்தவராயனும் நின்றார், மூன்றாவது முறையாக. அவருடைய இரண்டு ஏக்கர் நெல் பால் பிடிக்கிற நேரம். அவ்வப்போது தூறுகிற மழை பயிருக்குப் போதாது. மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைக் கெடுக்க மட்டும் போதும். கட்டுப் போட்ட பெட்டியே இரண்டு முறை எரிந்துவிட்டது. இன்னொரு முறை எரிந்தால் அத்தனையும் பதர்தான். ஆனாலும் சாமியார் மீது அவருக்குக் கோபமில்லை. தன் பக்தியில்தான் குறை என்று வருந்தினார். அப்பாவி மனிதர்!

"நான் குடுத்த தீர்த்தத்த பெட்டிக்குள்ள எத்தினி சொட்டு வுட்ட?" என்று கேட்டார் சாமியார்.

"மூணு சொட்டு சாமி."

"அதான் எரிஞ்சிது! ஒரு டம்ளர் வுடணும்."

பேருந்து நிலையத்தருகே மோட்டார் பழுது பார்க்கும் தேவகி, காத்தவராயனின் எரிந்த பெட்டியோடும், அவருக்காகச் செய்த புதுப் பெட்டியோடும் அங்கேயே வந்துவிட்டாள். எரிந்த பெட்டியைத் திறந்து காட்டினாள். செம்பு முனைகளெல்லாம் பச்சைக் களிம்பு.

"அண்ணே, எலுமிச்சம்பழமும் உப்பும் கரைச்ச தண்ணி இது. செம்பு அரிச்சிப் போவாம இன்னா பண்ணும்? மழத்தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு நீயே உள்ள தண்ணிய ஊத்திகினு இருக்கியே!"

"நாத்திகம் பேசாதே!" என்று சீறினார் சாமியார்.

"பேசல சாமி. உங்க செல்போன இந்தப் பழைய பெட்டில வெச்சி கட்டுப் போடுங்க. என் போன ரப்பர் போட்ட புதுப் பெட்டில வெக்கிறேன். ரெண்டு மேலயும் ஒரு கொடம் தண்ணி. பாத்துடலாம்."

கூட்டத்திலேயே அதிகம் மகிழ்ந்தவர் காத்தவராயன்தான். "ஜல்தி வையுங்க சாமி! அவ வாய அடைச்சிடலாம்!" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

சாமியார் செல்போன் இருந்த மடியை இறுகப் பிடித்துக்கொண்டார். "செல்போனுக்கு மந்திரம் வேற."

"அதுவும் கரண்டுதானுங்களே?" காத்தவராயன் வாழ்க்கையில் சாமியாரிடம் கேட்ட முதல் கேள்வி அது. தேவகி தன் போனைப் புதுப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். காத்தவராயன் குடத்துத் தண்ணீரை அதன் மீது கவிழ்த்தார். உள்ளேயிருந்து போன் நனையாமல் வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தூறல் போட்டது. சாமியார் மந்திரம் எதையும் முணுமுணுக்கவில்லை. விழுந்தடித்து ஓடி, வேன் மேலிருந்த ஒலிபெருக்கி மீது பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினார்!

கூட்டம் சிரித்த சிரிப்பில் வேன் கண்ணமங்கலம் பக்கம் பறந்தது. காத்தவராயன் மட்டும் சிரிக்கவில்லை. எரிந்த பெட்டியையே பார்த்தார். வெட்கமாக இருந்தது.

"புதுசா மாட்டிடு தேவகி. பயிரு காயுது."

அவர் பெட்டிக்கு நல்ல மூடி கிடைத்துவிட்டது. கண்ணமங்கலத்தில் இப்போது வரிசை நிற்கிறதாம். பெட்டியைத்தான் மூடி வைக்க வேண்டும் ஐயா, மூளையை அல்ல!