ஒன்பதாவது நிமிடத்தைத் திருப்பிக் கொடுங்கள்

பெயரோ முகமோ தெரியாத பரிசீலனை அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் மனிதராக இருந்தால் உங்கள் வீட்டில் அனைவரும் காய்ச்சலின்றி இருக்க வேண்டுகிறேன். இயந்திரமாக இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.

இன்று காலை எழுந்ததும் பல் கூடத் துலக்காமல் அப்பாவின் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. நான்கு நாட்களாகப் பதினொன்றுதான். அவருக்கு எழுபத்தெட்டு வயது, ஊரெங்கும் பரவும் இந்தக் காய்ச்சல் வந்து ஒரு வாரமாகிறது, இருமல் அடுத்த அறைவரை கேட்கிறது. அவர் மாத்திரையை நிறுத்தியது உங்கள் காணொளித் தளத்தில் என் அண்ணன் பேசியதைக் கேட்டு. மறுபடி தொடங்காமல் இருப்பது அந்தப் பேச்சை நீங்கள் நீக்கியதால்.

அண்ணன் இருபத்திரண்டு வருடமாக நெஞ்சு நோய் மருத்துவர். காய்ச்சல் வந்த எல்லோருக்கும் அந்தப் புது மாத்திரையைக் கொடுக்கச் சொல்லி அரசு உத்தரவு வந்தபோது, லேசாக வந்த இளவயதினருக்கு அது தேவையில்லை, இதயத் துடிப்பு தடுமாறுவதை என் நோயாளிகளிடமே பார்த்தேன் என்று நேரலையில் பன்னிரண்டு நிமிடம் பேசினார். ஒன்பதாவது நிமிடத்தில், "வயசானவங்க மட்டும் கண்டிப்பா போட்டுக்கணும், நிறுத்திடாதீங்க" என்றும் சொன்னார். அப்பா நான்காவது நிமிடத்திலேயே எழுந்துபோய்விட்டார். மகன் பேச்சை முழுக்கக் கேட்கும் பழக்கம் அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

மறுநாள் காணொளி இல்லை. 'தவறான மருத்துவத் தகவல்' என்று ஒரு வரி மட்டும் இருந்தது. யாரோ புகார் செய்திருக்கிறார்கள். நேரலை என்பதால் எங்களிடம் பிரதி கிடையாது. அண்ணன் ஓடிவந்து கட்டிலோரம் நின்று, "அப்பா, உங்களுக்கு அது வேணும்ப்பா, நான் அப்பவே சொன்னேன்" என்றார். அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மிரட்டிட்டாங்களாடா?"

"யாரும் மிரட்டலப்பா."

"சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க. புரியுது. நீ சொன்னபடியே நிறுத்திட்டேன், கவலைப்படாதே."

"இதுக்குத்தான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்கன்னு சொன்னேன்" என்றார் அண்ணி. அதிலிருந்து அண்ணன் மாத்திரை என்று வாயெடுத்தாலே அப்பா கண்ணடிக்கிறார்.

"நீதான் ரெண்டு டிகிரி வாங்கினவ, நீ எழுதினா கேப்பாங்க" என்று அண்ணன் இந்த வேலையை என் தலையில் கட்டினார். உங்கள் படிவம் இருநூறு எழுத்துக்கு மேல் வாங்க மறுக்கிறது, அதனால்தான் இந்த மின்னஞ்சல். அண்ணன் சொன்னது சரியா என்று தீர்மானிக்க எனக்குத் தகுதியில்லை. உங்களுக்கு இருக்கிறதா என்றும் தெரியவில்லை. ஒரே ஒரு நாள் திருப்பிக் கொடுங்கள், அந்த ஒன்பதாவது நிமிடத்தை அப்பாவிடம் காட்டிவிடுகிறேன்.

தங்கள் பணி சிறக்கவும், தங்கள் பெற்றோர் வேளாவேளைக்கு மருந்து சாப்பிடவும் வாழ்த்தும்,
ஒரு மருத்துவரின் தங்கை

பின்குறிப்பு: மேலே கேட்டது எதுவும் வேண்டாம். யாரோ புகார் செய்தார்கள் என்று எழுதினேன் அல்லவா, அது நான்தான். அப்பா மாத்திரையைத் தள்ளிவைத்த கோபத்தில் அழுத்தினேன், ஒருத்தி அழுத்தி என்ன ஆகிவிடப்போகிறது என்று. நானும் நான்கு நிமிடம்தான் பார்த்திருந்தேன். ஒன்பதாவது நிமிடத்தைப் பற்றி அண்ணி சொல்லித்தான் தெரியும். இப்போது நீங்கள் திருப்பிக் கொடுத்தாலும், நடுவில் எதையோ சேர்த்துவிட்டார்கள் என்றுதான் அப்பா சொல்வார். தன் மகனை யாரும் மிரட்டவில்லை, காணொளியை எடுக்கவைத்தது தன் மகள்தான் என்று தெரிந்தால் ஒருவேளை அண்ணன் பேச்சைக் கேட்பார். அண்ணன் என்னோடு பேசுவாரா என்பது வேறு விஷயம். இன்று மாலை அவர் வந்ததும் இருவர் முன்னாலும் சொல்லிவிடப் போகிறேன். இது இன்னும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.