பூஞ்சைக்குப் பொறுப்பு யார்?

“ஏங்க, பாப்பாவுக்கு மறுபடியும் இழுக்குது. நீங்க மேல போய்ச் சொல்றீங்களா, இல்ல நான் போகட்டுமா?”

மனைவி இப்படிக் கேட்டபோது லிஃப்ட் மெக்கானிக் படுக்கையறைச் சுவரை முறைத்துக்கொண்டிருந்தார். வேலை மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து, அலைந்து திரிந்து பிடித்த வாடகை வீடு. கட்டிலுக்குப் பின்னால் கறுகறுவென்று பூஞ்சை படர்ந்திருந்தது. அதே கட்டிலில்தான் மகள் தோள் ஏறி இறங்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, பாவம்.

மாடியிலிருந்து வீட்டு ஓனர் இறங்கி வந்தார். டயர் கடை வைத்திருப்பவர். சுவரைப் பார்ப்பதற்கு முன்பே ஜன்னலைப் பார்த்துவிட்டார்.

“பூட்டியே வெச்சிருந்தா பூஞ்சை வராம பூவா வரும்? திறந்து வைங்க சார். வீடு நல்ல வீடு. இருக்கறவங்கதான் பாத்து இருக்கணும்.”

திறந்து வைத்தார்கள். மழை உள்ளே வந்து மெத்தையை நனைத்தது. மெத்தைக்கும் பூஞ்சை வந்தது.

“கட்டிலைச் சுவத்தோட ஒட்டிப் போட்டா வேற என்ன ஆகும்?” என்றார் ஓனர்.

கட்டிலை அறை நடுவில் இழுத்துப் போட்டார்கள். பூஞ்சைக்கு முழுச் சுவரும் கிடைத்தது. மனைவியின் கால் சுண்டுவிரலுக்குத் தினமும் ஓர் இடி கிடைத்தது.

“பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ங்க” என்றார் அடுத்து.

தேய்த்தார்கள். அந்த நெடியில் குழந்தையின் உதடு நீலம் பாரித்துவிட்டது. அள்ளித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

“இன்னொரு தடவை இப்படி வந்தா என் கையில எதுவும் இல்ல” என்றார் டாக்டர். “முதல்ல அந்தச் சுவரைச் சரி பண்ணுங்க.”

மெக்கானிக் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார். சுவரைப் பார்த்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தொழிலில் அவர் லேசுப்பட்டவர் இல்லை. லிஃப்ட் நின்றுவிட்டால், கதவைத் திறக்கும் முன்பே “அளவுக்கு மேல ஆளை ஏத்தியிருப்பீங்க” என்று சொல்லிவிடுவார். பாதிப் பேர் ஒப்புக்கொண்டும் விடுவார்கள். அப்படிப்பட்டவரிடமே ஒருத்தர் இந்த வித்தையைக் காட்டினால்?

உளியையும் சுத்தியலையும் எடுத்தார்.

“வேணாங்க, தெரிஞ்ச ஆளைக் கூப்பிடலாம்.”

“சுவரு என்ன, லிஃப்டை விடப் பெரிய மெஷினா? நீ தள்ளு!”

சும்மா லேசாகத்தான் தட்டினார். உள்ளே இருந்த குழாய் புட்டுக்கொண்டு, தண்ணீர் அவர் முகத்திலேயே பீச்சியடித்தது. மாடியில் குளித்துக்கொண்டிருந்த ஓனருக்குத் தண்ணீர் நின்றுபோக, இடுப்பில் துண்டும் தலையில் சோப்பு நுரையுமாக ஓடி வந்தார்.

“யோவ்! என் வீட்டை இடிக்க உனக்கு யாருய்யா அதிகாரம் கொடுத்தது?”

மெக்கானிக் உடைந்த இடத்தில் கையை விட்டுக் காட்டினார். குழாய் முழுக்கத் துரு. செங்கல் ஊறிப்போய்க் கையோடு வந்தது. வருஷக்கணக்காகக் கசிந்திருக்கிறது.

“இதான் உன் நல்ல வீடா? வாடகைக்கு வந்தவன்தானேன்னு எம்மேலயே பழியைப் போட்டியே! சொந்தச் சுவரை என்ன ஏதுன்னு பாக்கத் துப்பில்ல. ஒரு குழந்தை மூச்சுக்குத் தவிக்குது, வேடிக்கை பாத்துட்டு நின்னியே. நீயெல்லாம் மனுஷனாய்யா?”

ஓனர் தலையைக் குனிந்துகொண்டார். நுரை தரையில் சொட்டியது.

“தப்புதாங்க. நாளைக்கே குழாயை மாத்திடறேன். அதுவரைக்கும் பாப்பா எங்க வீட்டுல படுத்துக்கட்டும்.”

மெக்கானிக் ஈரச் சட்டையோடு நெஞ்சை நிமிர்த்தினார். இத்தனை வருஷத்தில் கணவர் இப்படிப் பேசி மனைவி கேட்டதே இல்லை. பெருமையில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது மகள் அப்பாவின் போனைக் கையில் பிடித்தபடி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

“அப்பா, ஊர்ல நம்ம வீட்டுல வாடகைக்கு இருக்காங்கல்ல, அந்த ஆன்ட்டி பேசறாங்க. நீங்க சொன்னதையெல்லாம் செஞ்சும் பூஞ்சை போகலையாம், அவங்க பாப்பாவை இன்னைக்கு ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்களாம், இப்பவாவது வந்து சுவரைப் பாப்பீங்களான்னு கேக்கறாங்க.”