மேஸ்திரிக்கு இரட்டை வேலை

பாத்திரத்தின் அடியில் தீய்ந்த பால் கன்னங்கரேலென்று ஒட்டிக்கொண்டிருந்தது. தலைமை எழுத்தர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், சோப்புப் போட்டுப் பார்த்தார், கடைசியில் இரும்பு நாரை எடுத்து மூச்சு வாங்கத் தேய்த்தார். பால் அசையவில்லை. பாத்திரத்தின் பூச்சுதான் உரிந்து வந்தது.

அவர் ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. பிழைக்கப் போன இடத்திலேயே தங்கிவிட்ட தமிழர்கள் வயதான காலத்தில் சேர்ந்து வாழும் இந்த வெளிநாட்டு இல்லத்துக்குத் தொண்டராக வந்து இரண்டே நாள். ஓராண்டுச் சேவை. ஆனால் முதல் மாத முடிவில் நிர்வாகி அம்மாள் ‘இவர் சரிப்படுவார்’ என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் திரும்பும் விமானம்தான்.

புறப்படும்போது மனைவி சொன்னது காதிலேயே இருந்தது. “வீட்டுல ஒரு டம்ளரைக் கழுவி வெச்சது கிடையாது. கடல் தாண்டிப் போய் சேவையாம்! பதினஞ்சு நாள்ல திரும்பி வரலைன்னா என் பேரை மாத்திக்கறேன்.”

அலுவலக நண்பர்கள் வேறு மாலை போட்டு வழியனுப்பியிருந்தார்கள். பாதியில் திரும்பினால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

“தள்ளுங்க.”

திரும்பினார். எழுபது வயது இருக்கும். கசங்கிய சட்டை, ஒரு வாரத் தாடி. அந்த மனிதர் பாத்திரத்தை வெடுக்கென்று பிடுங்கினார்.

“இதுல போய் இரும்பு நாரா? யாருய்யா நீங்க?”

“புதுசா வந்த தொண்டர்ங்க.”

“விளங்கிடும்.”

சமையல்கார அம்மாள் வாயைப் பிளந்தாள். “மேஸ்திரி! நீங்களா? வாங்க, வாங்க!”

லீவு முடிந்து வந்த பழைய தொண்டர்போல என்று எழுத்தர் முடிவு கட்டிக்கொண்டார்.

சமையலறை ஒத்துவராது என்று மறுநாள் துணி துவைக்கும் அறைக்கு மாறினார். கம்பளி ஸ்வெட்டர்கள் ஒரு கூடை நிறைய இருந்தன. நன்றாக அழுக்குப் போகட்டும் என்று மெஷினில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரைத் திருப்பிவிட்டார். வெளியே எடுத்தபோது பன்னிரண்டும் பொம்மைக்குப் போடுகிற அளவில் இருந்தன.

மேஸ்திரி வந்தார். ஒரு ஸ்வெட்டரை விரலில் மாட்டித் தூக்கிப் பார்த்தார்.

“இது யாருக்கு? உள்ளங்கைக்கா?”

“இழுத்தா சரியாயிடும்னு நினைக்கறேன்…”

“நீங்க ஒண்ணும் இழுக்க வேணாம். ஏற்கெனவே இழுத்து விட்டது போதும்.”

அன்று முழுக்க மேஸ்திரி ஸ்வெட்டர்களை ஈரத்தோடு இழுத்து நாற்காலி முதுகுகளில் மாட்டிக்கொண்டிருந்தார். பாதி தேறிவிட்டது.

மூன்றாவது வாரம் குளியலறைத் தாழ்ப்பாள். இறுகிக் கிடக்கிறது, வயதானவர்கள் சிரமப்படுகிறார்கள் என்று நல்லெண்ணத்தோடு எழுத்தர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திருகாணிகளைக் கழற்றினார். கைப்பிடி கையோடு வந்தது. கதவு வரவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து, ஜன்னல் கண்ணாடியைச் சட்டத்தோடு பெயர்த்து அவரை வெளியே எடுத்தவரும் மேஸ்திரிதான். சுத்தமாக முகச்சவரம் செய்து, காதில் ஒரு பென்சில் செருகியிருந்தார்.

“இதெல்லாம் எங்க சார் கத்துக்கிட்டீங்க?”

“ஆபீஸ்ல தலைமை எழுத்தரா இருந்தேன்.”

“அதான பார்த்தேன்.”

அதற்குப் பிறகு காலை வணக்கமே மாறிவிட்டது. “இன்னிக்கு எதைக் கெடுத்தீங்க?” என்று கேட்டுக்கொண்டே மேஸ்திரி படியிறங்குவார். இந்த மனிதர் ஒருவரே பத்து ஆள் வேலை செய்கிறாரே, நமக்கு ஏன் ஒன்றுமே வரவில்லை என்று எழுத்தருக்குப் பொருமலாக இருந்தது.

மனைவி போனில் கேட்டாள். “எப்படிங்க போகுது?”

“பிரமாதம். எல்லாம் என்னை வெச்சுத்தான் நடக்குது.”

“அப்போ அந்த இல்லத்துக்காரங்களைத்தான் கடவுள் காப்பாத்தணும்.”

இனி எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்து, ஒருநாள் முழுக்கக் கூடத்து மூலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி மூன்று முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் முகம் வாடிப்போய்க் கேட்டார்.

“உடம்பு சரியில்லையா சார்? ஒண்ணுமே ஒடையலையே.”

கேலி செய்கிறார் என்று எழுத்தருக்குச் சுருக்கென்றது. ரோஷத்தில் மறுநாள் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போனார். குழாயைத் திறந்தார், தண்ணீர் வரவில்லை. எங்கே அடைப்பு என்று தேடிக்கொண்டே போனவர் திறந்ததை மறந்தார். அப்புறம் தண்ணீர் வந்திருக்கிறது; அதில் மாட்டியிருந்த ரப்பர் குழாயின் மறுமுனையோ கூடத்துக்குள் கிடந்திருக்கிறது. திரும்பி வந்தபோது செருப்புகள் வரிசையாக மிதந்து வாசலுக்கு வந்துகொண்டிருந்தன. மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு வாளியைக் கொடுத்து எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

எழுத்தர் நேரே நிர்வாகி அம்மாளின் அறைக்குப் போனார். மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. அவர்களாக அனுப்புவதைவிட நாமாகப் போவது மேல்.

“அம்மா, நான் ஊருக்குக் கிளம்பறேன்.”

“ஏன் சார்? என்ன குறை?”

“குறை என்கிட்டதாம்மா. என்னால இங்க யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல. பாவம், நான் கெடுக்கறதையெல்லாம் சரி பண்ணியே அந்த இன்னொரு தொண்டர் ஓஞ்சு போறாரு. நான் போயிட்டா அவருக்காவது நிம்மதி.”

“எந்த இன்னொரு தொண்டர்?”

“நம்ம மேஸ்திரிதான்.”

நிர்வாகி அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“இங்க தொண்டர் நீங்க ஒருத்தர்தான் சார். மேஸ்திரி மாடியில தங்கியிருக்கறவரு, சம்சாரம் போனதுலேர்ந்து ரெண்டு வருஷமா கட்டிலை விட்டே எறங்காதவரு. இப்ப தினமும் காலையில என்கிட்ட வந்து, ‘அந்த ஆளை மட்டும் அனுப்பிடாதீங்கம்மா, எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்கு’ன்னு சொல்லிட்டுப் போறாரு.”