உஷ் மிஸ்ஸும் என் தொண்டையும்

சத்தத்தை மோப்பம் பிடித்தே கண்டுபிடிக்கக்கூடிய ஒரே மனிதப் பிறவி, அடையாற்றில் எங்கள் பள்ளிக்கூட நூலகத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'உஷ் மிஸ்' என்றால் எல்.கே.ஜி. குழந்தைகூட வாயைப் பொத்திக்கொள்ளும். ஒருமுறை ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரியின் ஷூ கீச்சிட்டது என்பதற்காக அதை வாசலிலேயே கழற்ற வைத்துவிட்டார். மனிதர் வெறுங்காலோடு நூலகத்தைச் சுற்றிப் பார்த்து, 'மிக நன்று' என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஓட்டம் பிடித்தார். அந்த ஜன்னலில் வந்து உட்காரும் காக்காய்கூடக் கரையாது. சத்தியமாகச் சொல்கிறேன்.

இப்பேர்ப்பட்டவர் ஒரு ஜூன் மாதக் கடைசியில் ஸ்டாஃப் ரூமுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். 'ஆசிரியர்கள் தங்கள் பாடங்களைப் பாட்காஸ்ட்டாகப் பதிவு செய்து வகுப்பில் பயன்படுத்த நூலகம் உதவும். மைக் உள்ளது. வந்து பேசவும்.'

வந்து பேசவுமா! இருபது வருஷமாக யாரையும் வாய் திறக்க விடாத மனுஷி திடீரென்று பேசக் கூப்பிட்டால் சந்தேகம் வராதா?

"இதுல ஏதோ உள்குத்து இருக்கு சார்" என்றார் ஆதம்பாக்கத்திலிருந்து வரும் கணக்கு சார். கேன்டீன் வடை கொஞ்சம் இளைத்தாலே அதற்குப் பின்னால் ஒரு சதி இருப்பதாக நம்புகிறவர் அவர். "பாடத்தை எல்லாம் நம்ம வாயாலயே வாங்கி வெச்சுக்குவாங்க. அப்புறம் ஸ்பீக்கரை நாற்காலியில உக்கார வெச்சிட்டு, நம்மள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பார்த்துக்கிட்டே இருங்க."

டீ கொண்டுவந்த அட்டெண்டர் ஏழுமலை குரலைத் தாழ்த்தினார். "சார், உஷாரா இரு. அந்தம்மா காதுல பெருசா ஒண்ண மாட்டிக்கினு, கண்ண மூடிக்கினு, நோட்டுல இன்னாமோ எழுதிக்கினே கீது. இன்னாம்மான்னு கேட்டா உஷ்ஷுன்னுது."

மற்றவர்களுக்கு இது வெறும் வம்பு. எனக்கோ இது பிழைப்பு. நான் தமிழாசிரியர். பத்தாம் வகுப்பின் நாலு பிரிவுக்கும் ஒரே பாடத்தை நாலு தடவை கத்த வேண்டும். தலைக்கு மேல் கடகடவென்று மின்விசிறி, வெளியே பஸ் ஹாரன், நடுவில் ஐம்பது பிள்ளைகள். கோடை விடுமுறையில் என் தொண்டைக்குள் எட்டிப் பார்த்த டாக்டர், உள்ளே வீக்கம் இருக்கிறது, ஆறு மாதம் கத்தவே கூடாது, மீறினால் குரல் போய்விடும் என்று சொல்லியிருந்தார். நானோ வேலை நிரந்தரமாகாதவன். மார்ச் மாதம்தான் ஆர்டர் வர வேண்டும். குரல் போன தமிழாசிரியருக்கு எவன் ஆர்டர் கொடுப்பான்? அதனால் மனைவியைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. ஃப்ளாஸ்க்கில் என்ன என்று கேட்டவர்களிடம், தொப்பை குறையச் சுடுதண்ணீர் குடிக்கிறேன் என்று புளுகினேன்.

நாற்பது ஆசிரியர்களில் பேசுவதற்கு முதலில் கூப்பிட்டது யாரை? என்னைத்தான்.

நூலகத்தின் பின்னறையில், தேசப்பட அலமாரிகளுக்கு நடுவே நாலு பக்கமும் ஜமக்காளம் தொங்கியது. உஷ் மிஸ் என் சட்டைப்பையிலிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கினார். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்லி, அதைப் பக்கத்து அறையில் கொண்டுபோய் வைத்தார். நான் ஆரம்பித்தேன்.

"மூச்சு சத்தம் வருது சார்."

"மூச்சு விடாம எப்படி மிஸ் உயிரோட இருக்கறது?"

"அந்தப் பக்கம் திரும்பி விட்டுட்டு வாங்க. அப்புறம், கத்தாதீங்க. பக்கத்துல இருக்கறவங்க கிட்ட ரகசியம் சொல்ற மாதிரி சொன்னாலே போதும்."

சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினார். முடிந்ததும் மெல்ல எட்டிப் பார்த்தேன். மேலே என் பாடத்தின் தலைப்பு. கீழே வரிசையாக நிமிஷமும் விநாடியும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'கரகர' என்று குறிப்பு. எனக்கு உயிரே போய்விட்டது. கண்டுபிடித்துவிட்டார், குற்றப்பத்திரிகை தயாராகிறது என்று முடிவே கட்டிவிட்டேன்.

பதிவுகளை அவர் புத்தகமாகவே நடத்தினார். ஒவ்வொரு பென்டிரைவுக்கும் வரிசை எண், முத்திரை, திருப்பித் தர வேண்டிய தேதி எழுதிய சீட்டு. பென்டிரைவைவிடச் சீட்டு பெரிது. ஒரு நேரத்தில் ஒரு வகுப்புக்குத்தான் கொடுப்பார்.

"காப்பி பண்ணிக்கலாமே மிஸ், ஒரு நிமிஷ வேலை" என்று கணக்கு சார் கெஞ்சிப் பார்த்தார்.

"பதிவேட்டுல ஒரு பிரதிதான் சார் இருக்கு. உங்க குரல் இப்போ எட்டாவது பி-க்குப் போயிருக்கு. வெள்ளிக்கிழமை திரும்பி வரும். காத்திருங்க."

கணக்கு சார் தன்னுடைய குரலுக்கே முன்பதிவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆனால் என் பாடத்துக்கு மட்டும் நாலு பிரதி! நான் கேட்கவே இல்லை. நாலையும் வரிசை எண் போட்டு மேஜை டிராயரில் பூட்டி வைத்திருந்தார். ஒன்று 'பெரிய மிஸ்' என்கிற தலைமையாசிரியைக்கு, ஒன்று தாளாளருக்கு, மீதி இரண்டு யாருக்கு?

மறுநாள் ஏழுமலை ஓடி வந்தார். "சார், அந்தம்மா நோட்டத் தூக்கிக்கினு பெரிய மிஸ் ரூமுக்குப் போச்சு. உன் பேரு காதுல வுழுந்துச்சு."

அவ்வளவுதான். நேரே நூலகத்துக்குப் போய் நின்றேன்.

"என் பொழப்பைக் கெடுக்கறதுல உங்களுக்கு என்ன மிஸ் சந்தோ..."

அதோடு சரி. மீதி வெறும் காற்றாக வந்தது. படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த நூலகத்தில் ஒருவன் கத்தியும் 'உஷ்' வராத நாள் அது ஒன்றுதான்.

எழுந்து வந்து என்னை உட்கார வைத்தார். ஒரு டம்ளரில் சுடுதண்ணீர் கொடுத்தார்.

"பத்தாவது பி-க்கும் இந்த லைப்ரரிக்கும் நடுவுல ஒரே சுவர்தான் சார். மூணு வருஷமா உங்க பாடத்தைக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். இந்த வருஷம் ஸ்கூல் தொறந்த மொத வாரமே தெரிஞ்சுபோச்சு, நாலாவது பீரியட்ல குரல் உடையுது. நான் யார் கிட்டயும் சொல்லல."

நோட்டைக் காட்டினேன்.

"கரகரப்பு எங்கெங்க வருதுன்னு குறிச்சாத்தானே வெட்ட முடியும்? எல்லாத்தையும் வெட்டிட்டேன்."

நாலு விரலைக் காட்டினேன்.

"ஏ, பி, சி, டி. நீங்க ஒரு தடவை மெதுவா பேசுங்க, நாலு வகுப்புலயும் அது கத்தட்டும். நாலு ஸ்பீக்கர் கேக்கத்தான் பெரிய மிஸ் கிட்ட போனேன். உங்க பாடத்தைப் போட்டுக் காட்டினேன். தமிழ் சாருக்கு என்ன கணீர் குரல்னு சொன்னாங்க."

அப்படியானால் மற்ற முப்பத்தொன்பது பேரை எதற்குக் கூப்பிட்டார்? வாயசைவிலேயே கேட்டேன்.

"உங்களை மட்டும் கூப்பிட்டா ஊருக்கே தெரிஞ்சிடாதா? அந்தக் கணக்கு சார் மூச்சை வெட்டி வெட்டி என் கையே போச்சு" என்று சலித்துக்கொண்டார்.

ஆறு மாதம் நான் கத்தவில்லை. குரல் திரும்பி வந்தது. மார்ச்சில் ஆர்டரும் வந்தது.

சென்ற மாதம் உஷ் மிஸ் ஓய்வு பெற்று, பெசன்ட் நகரில் மாதா கோயில் பக்கத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே கடல் என்ன பாடுபடுகிறதோ. புது நூலகர் வரும்வரை பதிவேடு என் பொறுப்பில் இருக்கிறது. ஒருநாள் புரட்டியபோது என் பாடம் வந்தது. நாலு பிரதி, நாலு எண். ஐந்தாவதாக இன்னொரு வரி, அவருடைய பொடி எழுத்தில்: 'தமிழ் சார். வெட்டிய கரகரப்புகள், இருமல் இரண்டு உட்பட. ஒரு பிரதி. வெளியே கொடுப்பதற்கு அல்ல.'

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நூலகமாயிற்றே, சத்தம் வராமல்தான்.