நடக்கும் கல்லுக்கு ஒரு பீடம்

அமாவாசை வந்தால் செங்கல்பட்டு வண்டிமேட்டுத் தெருவுக்குள் ஷேர் ஆட்டோ நுழைய முடியாது. படாளத்திலிருந்து வேன் வரும். திருப்போரூர் முருகனைப் பார்க்கக் கிளம்பிப் பாதி வழியில் மனம் மாறியவர்கள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். செருப்புக்கு டோக்கன். தேங்காய்க்குத் தட்டுப்பாடு. எல்லாம் ஒரு கல்லுக்காக.

முழங்கால் உயரக் கருங்கல். தலையில் வேல் மாதிரி ஒரு கோடு. உடம்பெல்லாம் மஞ்சளும் சந்தனமும். பெயர் நடவேலப்பர். மற்ற ஊர்களில் சாமியை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். இந்தச் சாமி பக்தர்களுக்கு அந்தச் சிரமம் வைக்கவில்லை. அமாவாசைக்கு அமாவாசை தானே ஒரு முழம் நடந்துவிடும். விடிந்து வந்து பார்ப்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

கல்லைக் கண்டெடுத்தவர் பக்தவத்சலம். தை மாதம் வரை மனை புரோக்கர், இப்போது வேல்சித்தர். தாடி இன்னும் சரியாக வளரவில்லை, அதற்குள் அருள் வளர்ந்துவிட்டது. கல் முளைத்தது அவருடைய காலிமனையின் ஓரத்தில். சாமி ஒரு முழம் நடந்தால், சாமிக்கு வெயில் படக்கூடாதென்று அவருடைய தகர வேலியும் ஒரு முழம் தள்ளி வந்து நிற்கும். அவ்வளவு பக்தியுள்ள தகரம்.

இப்படி நடந்து நடந்து சாமி வந்து நின்ற இடம், மழைநீர்க் கால்வாய் தோண்ட வேண்டிய இடம். தோண்ட வந்த ஜேசிபிக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பூவாயி தெருப் பெண்களோடு படுத்துவிட்டாள். டிரைவர் இறங்கி, விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு திரும்பிப் போனவன்தான்.

அந்தக் கால்வாய் அவசரமாகத் தேவைப்பட்டது அதே தெரு வசந்தாவுக்கு. அவள் வீடு தெருவின் பள்ளத்தில் இருந்தது. போன மழைக்குச் சாக்கடைத் தண்ணீர் கட்டில் வரை ஏறியது. அரிசிப் பானைக்குள் ஒரு கெண்டைக்குஞ்சு குடித்தனம் நடத்தியது. வருகிற ஐப்பசியில் மகள் சுஜாதாவுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வந்தும்விட்டாள். பிறக்கிற பிள்ளையைப் படகிலா கிடத்துவது?

வசந்தா பூவாயியிடம் பேசிப் பார்த்தாள்.

"ஏன் பூவாயி, சாமி பௌர்ணமில ஏன் நடக்க மாட்டேன்றாரு?"

"வெளிச்சம் அவருக்கு ஆவாதாம். சித்தரு சொன்னாரு."

"எப்பவும் கால்வா பக்கமே நடந்துகினு கீறாரே. ஒரு தபா சித்தரு மனைப்பக்கம் திரும்பி நடந்தா இன்னாவாம்?"

"சாமி முன்வச்ச கால பின்வைக்க மாட்டாருடி."

"போன மழைக்கு உன் வூட்லயும்தான தண்ணி பூந்துச்சு?"

"பூந்துச்சு. இந்த வருசம் வந்தா அது தீர்த்தமாம்."

"அப்போ குடிப்பியா?"

"குடிச்சா வாந்தி வரும். வந்தா, பாவம் வெளிய போறதுன்னு அர்த்தமாம்."

இதற்குமேல் பேச என்ன இருக்கிறது? வசந்தா தலைக்குக் குளித்தாள், பூ வைத்தாள், கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று கும்பிட்டாள்.

"சித்தரே, எம் பொண்ணு நல்லபடியா பெத்துப் பொழைக்கணும். சாமிக்குப் பீடம் கட்டறதா வேண்டிக்கினேன். கொத்தனாரு தாவீதையும் கையோட கூட்டியாந்துட்டேன். சிமெண்டு, ஜல்லி, கம்பி எல்லாம் வாசல்ல ரெடியா கீது."

சித்தர் நெற்றியில் சந்தனம் வெடித்தது.

"பீடமா? வேணாம்மா. நடக்கற சாமி. கால கட்டிப் போடலாமா?"

"இன்னா சித்தரே இப்படிச் சொல்லிட்டீங்க. மலையவே பொளந்த வேலு. ரெண்டு மூட்ட சிமெண்டு அவருக்கு எம்மாத்திரம்?"

"அதான?" என்றாள் பூவாயி. "மண்ணுல நடந்தவரு காங்கிரீட்டையும் இழுத்துகினு நடந்தாருன்னு வையி, மெட்ராஸ்லேர்ந்தே ரயில் புடிச்சு வருவாங்க."

கூட்டம் அரோகரா போட்டது. சித்தர் விழித்தார். சாமியால் முடியாது என்றால் உண்டியல் படுத்துவிடும். முடியும் என்றால் கம்பி கட்டிவிடுவார்கள். அவர் வாயைத் திறந்து மூடுவதற்குள் தாவீது ஜல்லி கொட்ட ஆரம்பித்தார். வேலையில் வஞ்சனை இல்லாத மனிதர். அமாவாசைக்குள் காங்கிரீட் நன்றாக இறுகியும்விட்டது.

அமாவாசைக்கு மறுநாள் விடிந்தது. மேளம் வந்தது. வேன்கள் வந்தன. கல் நின்ற இடத்திலேயே நின்றது. பீடத்தில் ஒரு மூலை மட்டும் லேசாகப் பெயர்ந்திருந்தது. பக்கத்தில் நுனி வளைந்த கடப்பாரை ஒன்று. சுற்றிலும் அறுந்து சிதறிய ருத்திராட்சக் கொட்டைகள். சித்தரைக் காணோம்.

வேலிக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் ஒரு முனகல் கேட்டது. போய்ப் பார்த்தால் சித்தர் மல்லாக்கக் கிடந்தார். கொட்டகை முழுக்கத் தைல வாசனை.

"சித்தரே, சாமி நடக்கலியே," என்றாள் பூவாயி.

"சாமி... தியானத்துல கீறாரு."

"சரி, நீங்களாவது எழுந்து வந்து ஜனங்களுக்கு ஒரு வார்த்த சொல்லுங்க."

"என்னாலயும் நடக்க முடியலம்மா. இடுப்பு பூட்டிக்கிச்சு."

பூவாயி அவரைப் பார்த்தாள். வெளியே எட்டி, வளைந்த கடப்பாரையைப் பார்த்தாள். அவள் ஒன்றும் முட்டாள் இல்லை. இத்தனை நாள் கும்பிட்டாளே தவிர உற்றுப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"யோவ், அப்போ மாசா மாசம் நடந்தது நீயா?"

ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து கல்லின் தலையில் அவளே கவிழ்த்தாள். மஞ்சள் போயிற்று, சந்தனம் போயிற்று. வேலுக்குக் கீழே ஒரு நம்பர் தெரிந்தது.

"இது சர்வே கல்லு, அக்கா," என்றார் தாவீது. "வேலு இல்ல, அம்புக்குறி. நெலத்த அளந்து எல்லைக்கு நடறது. பட்டா வச்சிருக்கறவன் எல்லாம் இத்த பாத்திருப்பான்."

பட்டா வைத்திருந்தவர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

அந்தத் தெருவில் அன்றைக்கும் ஊர்வலம் நடக்காமல் போகவில்லை. நாலு பேர் கயிற்றுக் கட்டிலோடு சித்தரைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். மேளக்காரர்கள் வாங்கின காசுக்கு வாசித்துக்கொண்டே பின்னால் நடந்தார்கள். மறுவாரம் சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்தார். தகரம் வந்த வழியே திரும்பிப் போனது. ஜேசிபி பீடத்தைக் கல்லோடு அலாக்காகத் தூக்கியது. இந்தத் தடவை அதற்கு முன்னால் யாரும் படுக்கவில்லை.

ஐப்பசியில் மழை கொட்டியது. தண்ணீர் கால்வாயில் போனது. வசந்தாவின் வீட்டில், காய்ந்த தரையில் விரித்த பாயில் பேத்தி கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தாள்.

கண்ணுங்களா, கல் நடந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டுக்கொண்ட கையோடு, அக்கம்பக்கத்தில் யாருக்கு இடுப்பு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.