அலறாத கைபேசி

பூமியைக் காப்பாற்றும் பொறுப்பு எந்த யுகத்திலும் யாரோ ஒரு தனிமனிதரின் தோளில்தான் வந்து இறங்குகிறது. இந்த முறை அது குடியிருப்போர் சங்கச் செயலாளரின் தோளில் இறங்கியபோது, அவர் தலைக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார்.

வாளியோரம் வைத்திருந்த கைபேசி அலறியது. மெயின் போர்டில் அவர் மாட்டியிருந்த கண்காணிப்புப் பெட்டி, வீட்டில் எது கரண்டைக் கூடுதலாகக் குடித்தாலும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.

"யாரது, ரெண்டாயிரம் வாட்?" என்று கதவிடுக்கு வழியாகக் கத்தினார்.

"நான்தான். ஹீட்டர் போட்டிருக்கேன்" என்றாள் மனைவி.

"யாருக்கு வெந்நீர்?"

"உள்ள கத்திக்கிட்டிருக்கறவருக்கு."

சங்கத் தலைவர் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. எதிர்த்து நிற்கும் பல் டாக்டரிடம் நல்ல சிரிப்பு இருந்தது. செயலாளருக்கு, தன் வீட்டுக் கரண்ட் செலவு இறங்குவதைக் காட்டும் ஒரு வரைபடம் தேவைப்பட்டது.

கரண்டை மிச்சம் பிடிக்கும் சாமான்களாகவே வாங்கி இறக்கினார். இண்டக்‌ஷன் அடுப்பு, வீட்டிலிருந்த அலுமினியப் பாத்திரம் எதையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வேறு பாத்திரம் வாங்கினார். பாத்திரம் சுட்டது, கைபேசி அலறியது. புது ஹீட்டர் தண்ணீரைச் சூடாக்குவதற்குள் குளிக்க வேண்டியவர்கள் குளிக்காமலே கிளம்பிப் போனார்கள். வரைபடம் அப்போதும் இறங்காததால், எத்தனை வாட்டுக்கு அலற வேண்டும் என்ற அளவை இன்னும் குறைத்து வைத்தார். அதன்பிறகு, மகள் தலைமுடி உலர்த்தினாலும் அலறியது.

"அப்பா, ஈரத் தலையோடயா காலேஜ் போறது?"

"வெளியில காத்து இருக்குல்ல? அதுக்கு மீட்டர் கிடையாது."

"அப்ப பழைய சாமானெல்லாம் என்னங்க பண்றது?" என்றாள் மனைவி.

"ஒண்ணுகூட இந்த வீட்ல இருக்கக் கூடாது. இன்னிக்கே வெளியேத்து."

சாயங்காலத்துக்குள் வெளியேற்றிவிட்டாள்.

"யாருக்குக் கொடுத்தே?"

"இடம் இருக்கறவங்களுக்கு."

வரைபடம் சறுக்குமரத்தில் உட்கார்ந்ததுபோல இறங்கியது. கைபேசி அலறுவதை மறந்தது. அதைவிட ஆச்சரியம், வீட்டில் யாரும் குறைசொல்வதையும் மறந்தார்கள். மகளின் தலைமுடி பளபளவென்று காய்ந்திருந்தது. பார்த்தவர்களிடமெல்லாம் காற்றின் பெருமையை எடுத்துச் சொன்னார். வாளியில் வெந்நீர் ஆவி பறக்க வந்தது. புது ஹீட்டர் வீட்டோடு பழகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

ஒன்றுதான் உறுத்தியது. மாடிப்படிக்கு அடியில் வரிசையாக இருந்த மீட்டர்களில், எதிர் வீட்டு மீட்டர் மட்டும் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. அங்கே குடியிருந்தது ஒரு நர்ஸ். தனி ஆள்.

தேர்தல் கூட்டத்துக்கு மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் கிளம்பினார்.

"இஸ்திரி போட்டியா? போன் கத்தவே இல்லையே!"

"கத்தாத மாதிரி போட்டேன்" என்றாள் மனைவி.

அதையும் சொற்பொழிவில் சேர்த்துக்கொண்டார்.

சுவரில் வரைபடம் ஒளிர்ந்தது. கைதட்டல் எழுந்தது. பல் டாக்டரே வாயை மூடிக்கொண்டார். செயலாளர் அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் தலைவராகப் போகிறவர் கொஞ்சம் கண்டிப்பும் காட்ட வேண்டாமா?

"நம்ம கட்டடத்துல ஒருத்தர் இருக்காங்க" என்று நர்ஸின் பக்கம் திரும்பினார். "ஒண்டி ஆள். பாதி நேரம் வீட்லயே இல்ல. ஆனா மீட்டர் மட்டும் பேய் பிடிச்ச மாதிரி ஓடுது! அப்படி என்னம்மா பண்றீங்க உள்ள?"

"ஏங்க, போதும். உட்காருங்க" என்றாள் மனைவி, முன்வரிசையிலிருந்து.

"நீ சும்மா இரு. சபையில உண்மை வெளிய வரட்டும்!"

நர்ஸ் டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள். கோபப்படும் தெம்புகூட அவளிடம் இல்லை.

"நான் எங்க சார் உள்ள இருக்கேன்? சாவி உங்க வீட்டு அக்காகிட்டதான் இருக்கு, பில்லையும் அவங்கதான் கட்டறாங்க. இப்ப நீங்க போட்டிருக்கற சட்டைகூட எங்க வீட்ல இஸ்திரி போட்டதுதான்."