உதவி செய்யாதீங்கம்மா

ஒத்தாசைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஓட்டலில் பரிமாறுகிறவர் வருவதற்குள் காலித் தட்டுகளை அடுக்கி வைத்துவிடுவார். தையல்காரர் நாடாவை எடுப்பதற்குள் கையைத் தூக்கி, வயிற்றையும் எக்கிக்கொண்டு அளவு கொடுத்துவிட்டு, அப்புறம் அந்தச் சட்டைக்குள் நுழைய முடியாமல் தவிப்பார். ஊசி போட வருகிற நர்ஸிடம் நல்ல நரம்பைத் தட்டிக் காட்டுவார். யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை. கேட்ட பிறகு செய்தால் அது என்ன ஒத்தாசை?

இந்த இனத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர் நம் பெரியக்கா. இடது மார்பில் புற்றுநோய்க் கட்டியை அகற்றிய அன்றுகூட, படுக்கை வண்டியைத் தள்ளிய ஊழியருக்கு முதுகு வலிக்குமே என்று பாதி வழியில் இறங்கி நடக்கப் பார்த்தவர். நோயைக் கண்டு அவர் அவ்வளவாகப் பயப்படவில்லை. யாருக்காவது பாரமாகிவிடுவோமோ என்பதுதான் அவருடைய பயமெல்லாம்.

அப்பேர்ப்பட்டவரைக் கதிர்வீச்சுச் சிகிச்சை அறையில் படுக்க வைத்தார்கள். கைகள் தலைக்கு மேலே, தாங்கியில். மார்பில் அடையாளத்துக்காகப் பச்சை குத்தியிருந்த கடுகளவுப் புள்ளிகளின் மேல் சுவரிலிருந்து வரும் ஒளிக்கோடுகள் விழ வேண்டும். அதற்காக இரண்டு பெண்கள் இருபுறமும் நின்று விரிப்போடு சேர்த்து அவரை இழுத்துப் பொருத்தினார்கள். அவர்கள் இடப்பக்கம் இழுத்தார்கள். பாவம், பிள்ளைகள் சிரமப்படுகிறார்களே என்று அக்காவும் இடுப்பைத் தூக்கி இடப்பக்கம் நகர்ந்தார். கோடு தாண்டிப் போயிற்று. வலப்பக்கம் இழுத்தார்கள், அக்கா அங்கேயும் முந்திக்கொண்டார். ஒருவழியாகப் பொருத்தி அவர்கள் வெளியே போனதும், கோடு லேசாக விலகியிருப்பதாக அவருக்கே தோன்ற, இதற்காக அவர்களைத் திரும்பக் கூப்பிடுவானேன் என்று தோளைத் தாமே சரிசெய்துகொண்டார்.

கதிரைப் பாய்ச்சுவதற்கு முன் படம் எடுத்துப் பார்த்தால் எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. இருவரும் திரும்பி வந்தார்கள். மூத்தவர் கோபப்படவில்லை.

"இடது பக்கம்மா. அடியிலயே இதயம் இருக்கு. நீங்க நகர்ந்தா, படக் கூடாத இடத்துல கதிர் பட்டுடும்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்..."

"நீங்க உதவி பண்றதுதான் கஷ்டமே. மூட்டை மாதிரி கனமா கிடங்க, போதும்."

மூட்டை மாதிரிக் கிடப்பதா? பிறந்ததிலிருந்து செய்யாத வேலை. வீட்டுக்குப் போனதும் கட்டிலில் படுத்துக்கொண்டு, விரிப்பைப் பிடித்து இழுக்கும்படி கணவரிடம் சொன்னார். அவர் தொட்டதுமே அக்கா தாமாக உருண்டுவிட்டார். நான் இன்னும் இழுக்கவே ஆரம்பிக்கலையே என்றார் அவர். நாலைந்து தடவைக்குப் பிறகு ஒருமுறை உண்மையாகவே இழுக்க நேர்ந்தபோது மனிதருக்கு மூச்சு வாங்கியது. இத்தனை வருஷமாக இவ்வளவு கனத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று கேட்டார். இருவரும் சிரித்தார்கள், அக்காவின் சிரிப்புதான் பாதியில் நின்றுவிட்டது. இவர் கையில் தம் பாரத்தை ஒருநாளும் கொடுத்ததில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் கோடுகள் பொருந்திக்கொண்டிருந்தபோது அவர் கண்ணோரத்திலிருந்து ஒரு சொட்டு நீர் காதை நோக்கி இறங்கியது. கை மேலே இருக்கிறது, துடைக்க முடியாது. மன்னிப்புக் கேட்க வாய் துடித்தது. அடக்கிக்கொண்டார். மூத்த பெண் துணியால் ஒற்றியெடுத்தார். துடைக்கத் தோதாக அக்கா கன்னத்தைக்கூட அவர் பக்கம் திருப்பவில்லை.

"அசையவே இல்லம்மா. அப்படியே இருங்க."

படம் சரியாக வந்தது. செய்யாமல் விட்ட வேலைக்காக அக்கா பாராட்டு வாங்கியது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

நீங்கள் இந்த இனமில்லை என்கிறீர்கள். நல்லது. ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, இப்படி ஒருவர் நமக்குத் தெரிந்தவராயிற்றே, இதை உடனே அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னால் அவருக்கு உதவியாக இருக்குமே என்று தோன்றியதா? யாராவது கேட்டார்களா உங்களை?